வலப்பக்கம் நின்று பேசவும்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அம்மாவும் மகனும் எண்ண உட்கார்ந்தார்கள்.

அம்மா பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சைக்காலஜிஸ்ட். மகன் ஆலை ஆலையாகப் போய்த் தராசுகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்த்து முத்திரை வைப்பவன். மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தான். மாதம் ஒரு ஞாயிறு வருவான். வந்தால் இந்த வேலை காத்திருக்கும்.

மேசையில் ஒரு விடைத்தாள். ஐந்நூற்றுச் சொச்சம் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்ற வட்டத்தை யாரோ ஒருவர் பென்சிலால் கறுப்பாக்கியிருந்தார். பெயர் இருந்த இடத்தை அம்மா துண்டுக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தாள். எண் மட்டும் தெரிந்தது: 41. பக்கத்தில் ஓட்டை போட்ட அட்டைகள். மனச்சோர்வுக்கு ஒரு அட்டை, பதற்றத்துக்கு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று, தங்களை நல்லவர்களாகப் பூசி மெழுகுகிறவர்களைக் கண்டுபிடிக்க ஒன்று. அட்டையைத் தாளின்மேல் பொருத்தி, ஓட்டைகளில் தெரியும் கறுப்பை எண்ண வேண்டும். ஆஸ்பத்திரிக் கணினியும் இதைச் செய்துவிடும். கணினி எண்ணியதை அம்மா ஒருமுறை கையால் எண்ணுவாள். தான் எண்ணியதை இன்னொரு ஜோடிக் கண் எண்ண வேண்டும் என்பாள்.

"டேய் தராசு, மூலை ரெண்டும் பொருந்திச்சான்னு பாத்துக்க. போன தடவை ஒரு வரி கீழ வச்சு, ஒரு சாதுவை ரவுடி ஆக்கப் பாத்த."

"அது நான் இல்லம்மா, உன் அட்டை தேஞ்சு போச்சு."

"மெக்கானிக்கு மானியைக் குத்தம் சொல்றான்."

எல்லா அட்டையும் சாதாரணமாகத்தான் வந்தன. சந்தேகத்துக்கான அட்டை மட்டும் எகிறி நின்றது. அவன் இரண்டு தடவை எண்ணினான். அதே எண்.

"இவருக்கு என்ன கேள்வி?" என்றான். அம்மா ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கேள்வியை மட்டும் சொல்வாள்.

"மெஷின்ல நிக்கற வேலை. கூட இருக்கறவங்களோட சண்டை. மறுபடி நிக்க விடலாமா கூடாதா, அதான் கேள்வி. கூடாதுன்னு போச்சுன்னா வேலை போச்சு. வீட்ல சம்பாதிக்கறது அவர் ஒருத்தர்தான்."

"இந்த நம்பரைப் பாத்தா கூடாதுன்னுதான வருது?"

அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "அந்த அட்டைக் கேள்வி ஒவ்வொண்ணுக்கும் என்ன போட்டிருக்காருன்னு படி" என்றாள்.

அவன் கேள்வித்தாளைப் பார்த்துப் படித்தான். என்னைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். சரி. நான் உள்ளே வந்தால் சிரிக்கிறார்கள். சரி. முதுகுக்குப் பின்னால் கிசுகிசுக்கிறார்கள். சரி. என்னை யாரோ பின்தொடர்கிறார்கள். தவறு. என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள். தவறு. என்னைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறார்கள். தவறு.

"மறுபடி படி."

படித்தான்.

"சரின்னு போட்டதெல்லாம் காது வழியா வர்ற சந்தேகமா இருக்குடா" என்றாள் அம்மா. "சோதனைக்கு வந்த ரெண்டு நாளும் முகத்த ஒரு பக்கமா திருப்பிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு. நேருக்கு நேர் பாக்க மாட்டேங்கறாரு, எதையோ மறைக்கறாருன்னு எழுதிட்டேன். அவர் எனக்கு முகத்த மறைக்கல. நல்ல காதைக் குடுத்திருக்காரு."

"அப்போ?"

"நீதான சொல்லுவ, மானி சரி, குழாய்லதான் அடைப்புன்னு. அதேதான். சரிபாத்துட்டா தெரிஞ்சிரும்."

அதற்குள் அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டான். அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சா? கிளம்பு. நீ எப்படி இருக்க, அத சொல்லவே இல்லையே."

"நல்லா இருக்கேம்மா."

வாசல்வரை வந்தாள். அவன் படி இறங்கித் திரும்பிப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, தோளில் கைப்பையுடன், செருப்பை மாட்டக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டு அக்கா பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம். வயது ஐம்பத்தெட்டு.

*

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'மைக்கறை மேடம்' என்று பெயர். மைக்கறை அட்டைகளைக் காட்டி 'இதில் என்ன தெரிகிறது' என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. அவள் அதை எப்போதாவதுதான் எடுப்பாள். ஆனால் வார்டுப் பையன்கள் முதல் பல் டாக்டர் வரை எல்லாருக்கும் அந்த அட்டை மட்டும்தான் நினைவில் நின்றது. கேன்டீனில் டம்ளரின் டீ மேசையில் சிந்தினால், "மேடம், இதுல எனக்கு ஒரு யானை தெரியுது, நான் லூசா?" என்று யாராவது கேட்பார்கள். "இல்ல, துடைக்காம உக்காந்திருக்க, நீ சோம்பேறி" என்பாள்.

சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வேறு மேசைக்குப் போய் உட்காருவார்கள். அதுதான் அவள் வாழ்க்கை. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். "அவகிட்ட பேச்சுக் குடுக்காதே, உள்ள இருக்கறத உருவிடுவா" என்று ஒரு சித்தி அவன் காதுபடவே சொன்னாள். அம்மாவின் காதிலும் அது விழுந்திருக்கும். அவள் தட்டில் இருந்ததைத் தின்று முடித்துக் கைகழுவிவிட்டு வந்தாள். பேச்சுக் கொடுக்க ஆளில்லை. அவளாகப் பேசவும் பொருள் இல்லை. பகல் முழுக்கக் கேட்டதில் ஒரு வரியைக்கூட வெளியே சொல்லக் கூடாது. அதனால் வீட்டில் அவள் பேசியதெல்லாம் பென்சிலைப் பற்றி, நல்ல அழிரப்பர் கிடைக்காததைப் பற்றி, மோட்டார் சரியாகத் தண்ணீர் ஏற்றாததைப் பற்றி. அப்பா போய்ப் பதினொரு வருஷம். அவர் இருந்தபோது அவரிடமும் மோட்டாரைப் பற்றித்தான் பேசினாள்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கேள்வி இல்லாமல் சோதனை கிடையாது. எந்த டாக்டராவது 'ஆளுமைச் சோதனை செய்யவும்' என்று மட்டும் எழுதிச் சீட்டு அனுப்பினால், 'எதைத் தெரிந்துகொள்ள?' என்று கீழே எழுதித் திருப்பி அனுப்புவாள். மனநலப் பிரிவின் பெரிய டாக்டருக்கும் அவளுக்கும் இதில் பதினைந்து வருஷச் சண்டை. ஒரே சீட்டு நாலு தடவை மாடிக்கும் கீழுக்கும் போய்வந்ததும் உண்டு. கடைசியில் அவர் அலுத்துப்போய், 'இந்த ஆள் நிஜமாகவே சோர்ந்திருக்கிறாரா, லீவுக்காகச் சொல்கிறாரா?' என்று எழுதினார். 'இது கேள்வி' என்று எழுதி அனுப்பினாள்.

இன்னொன்று. அறிக்கையை மேலே அனுப்புவதற்குமுன் அந்த ஆளையே கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டுவாள். "இது நான் இல்லீங்க" என்று அவர் சொன்னால், அதையும் ஓரத்தில் எழுதுவாள். பாதிப் பேர் அழுவார்கள். ஒருவர் சண்டைக்கு வந்து, படித்து முடித்ததும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வேலை இரட்டிப்பாகிறது என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை.

பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி ஒரு முறை மைக்கறை அட்டைகளோடு ஓடிவந்தாளாம். ஒரு மனிதர் ஒவ்வொரு அட்டையிலும் ஈரல், நுரையீரல், வெட்டிய தொடை என்றே சொல்லியிருக்கிறார். ஆபத்தான ஆள் என்று எழுதட்டுமா? அம்மா கேட்டாள், "அவருக்கு என்ன வேலை?" பெண் அதைக் கேட்டிருக்கவில்லை. போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கறிக்கடை. இந்தக் கதையை அம்மா மகனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் வெளியே சொன்ன ஒரே ஆஸ்பத்திரிக் கதை அது. கறிக்கடைக்காரரே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டதால் அதில் ரகசியம் இல்லை என்பது அவள் கணக்கு.

பத்தொன்பது வயதில் அவன் தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னான். மாட்டேன் என்றாள்.

"ஏம்மா, பயமா?"

"உனக்கு என்ன கேள்வி?"

"நான் எப்படிப்பட்டவன்னு தெரியணும்."

"அது கேள்வி இல்ல. போய்த் தட்டைக் கழுவு."

இப்போது யோசித்தால், அவள் எப்படிப்பட்டவள் என்று அவனுக்கும் கேட்கத் தோன்றியதில்லை. மாதம் ஒரு ஞாயிறு அவள்தான் கேட்டாள், நீ எப்படி இருக்க என்று. நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். நீ எப்படிம்மா இருக்க என்று திருப்பிக் கேட்டதாக நினைவில்லை. ஒரு தடவைகூட.

*

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போனபின், அவன் அந்த வீட்டில் தனியாக இருந்தான். அலுவலகத்தில் ஒரு மாதம் விடுப்பு சொல்லியிருந்தான். சாமான்களைப் பிரிக்க வேண்டும். முதல் வாரம் குளியலறைக் குழாயின் சொட்டை நிறுத்தினான். இரண்டாம் வாரம் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டினான். சாமான் எதையும் பிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் கைப்பை தொங்கியது. கீழ்வீட்டு அக்கா அன்று அவள் தோளிலிருந்து எடுத்து மாட்டியது. அதைத் தாண்டித்தான் போகவேண்டும், வரவேண்டும்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை மதியம் எடுத்தான். கண்ணாடிக் கூடு, பஸ் பாஸ், பாதி அழிரப்பர், மடித்த கைக்குட்டை. ஒரு பிளாஸ்டிக் உறையில் இரண்டு காகிதங்கள்.

ஒன்று காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு எழுதிய சீட்டு. திங்கள்கிழமைத் தேதி. காது கேட்கும் சோதனை தேவை, இடது காது. கையெழுத்து போட்டிருந்தாள். அடியில் கோடிட்டு ஒரு வரி: வலப்பக்கம் நின்று பேசவும். அந்தப் பிரிவில் பன்னிரண்டு மணிக்குமேல் சீட்டு வாங்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவளே சலித்துக்கொண்டிருக்கிறாள். திங்கள் பிந்திவிட்டது, செவ்வாய் காலை முதல் வேலையாகக் கொடுக்க எடுத்துவைத்திருக்கிறாள்.

இன்னொன்று அரைத்தாள். '41. முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நான் எழுதியது பிழை. அடித்துவிடவும். சந்தேகம் காட்டும் விடைகள் எல்லாம் பேச்சு, சிரிப்பு பற்றியவை. காது முடிவு வரும்வரை அறிக்கை எழுதக் கூடாது. மருத்துவக் குழு 22ஆம் தேதி, வியாழன்.'

நாளை இருபத்திரண்டு.

சீட்டில் பெயர் இருந்தது. அவன் அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். மறுநாள் காலை எட்டரைக்கு அம்மா ஏறும் பஸ்ஸில் ஏறினான்.

*

பன்னிரண்டாம் எண் அறை. கதவில் அம்மாவின் பெயர்ப் பலகையைக் கழற்றிய இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை. உள்ளே வேறு ஆஸ்பத்திரியிலிருந்து தற்காலிகமாக வந்திருந்த பெண். முப்பது வயது இருக்கும். அவன் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காருங்க சார். மேடத்தோட பென்சில் டப்பா இங்கதான் இருக்கு, நான் தொடல."

அவன் உறையை நீட்டினான். அவள் அரைத்தாளைப் படித்தாள். மேசையில் இருந்த ஃபைலைத் திறந்தாள். மூடினாள்.

"நான் எழுதி முடிச்சுட்டேன் சார். ஃபைல்ல நேர்காணல் குறிப்பு இருந்துச்சு, எண்ணிக்கை இருந்துச்சு. ரெண்டும் ஒத்துப்போச்சு. சந்தேகம் மிக அதிகம், மெஷின் வேலைக்கு உகந்தவர் அல்ல. பத்து மணிக்குக் குழு." நிறுத்தினாள். "ஆளை நான் பாக்கவே இல்ல."

அவள்மேல் தப்பில்லை. கையில் இருந்த காகிதத்தை நம்பினாள். பிழை அம்மாவுடையது. திருத்தம் கொக்கியில் தொங்கியது. மூன்று வாரம் அதைத் தாண்டித் தாண்டிப் போனவன் அவன்.

வெளியே உதவியாளர் குரல் கேட்டது. "நாப்பத்தொண்ணு."

பதில் இல்லை.

"நாப்பத்தொண்ணு. யோவ், உன்னத்தான்யா."

அவன் கதவருகே போய்ப் பார்த்தான். சுவரோரப் பெஞ்சின் கோடியில் வழித்துச் சீவிய தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகக்கண்களில் போகாத அச்சு மை. உதவியாளர் அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தார். பெஞ்சிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "பாத்தீங்களா சார் திமிர?" என்றார் உதவியாளர். "மூணு தடவை கூப்பிட்டாச்சு. இதுக்குத்தான் கம்பெனிலயும் சண்டை."

மகன் பெஞ்சைச் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றான். சாதாரணக் குரலில் சொன்னான். "உங்களைக் கூப்பிடறாங்க."

அவர் சட்டென்று எழுந்தார். "அத சத்தமா சொன்னா என்ன? முதுகுக்குப் பின்னாடி நின்னு முணுமுணுத்துட்டு, சிரிப்பு வேற."

கதவில் நின்று அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம். அவள் ஃபைலோடு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். அவர் வந்தார். அரைத்தாளை நின்றபடியே படித்தார். "செத்தும் சீட்டைத் திருப்பி அனுப்பறா பாரு" என்றார். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அறிக்கையை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். குழு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அம்மாவின் சீட்டில், அவள் கையெழுத்துக்குக் கீழே, தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டார்.

"பன்னெண்டுக்குள்ள கீழ குடுக்கணும். நீ அந்த வழியாத்தான போற? அவரையும் கூட்டிட்டுப் போ தம்பி. பக்கம் பாத்து நட."

*

மாடிப்படியில் மகன் அவருக்கு வலப்பக்கமாக இறங்கினான். என்ன சோதனை, எதற்கு என்று சொன்னான். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருபத்தாறு வருஷமா அந்த மெஷின் சத்தத்துல நிக்கறேன்." இரண்டு படி இறங்கியபின், "வீட்லயும் சொல்லுவாங்க, டிவி சத்தம் அதிகம்னு" என்றார்.

பிறகு கேட்டார். "முன்னாடி இருந்த அம்மா எங்க தம்பி? செவ்வாக்கிழமை வரச் சொன்னாங்க. வந்தேன். ரூம் பூட்டியிருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் உக்காந்துட்டுப் போனேன். வர்றேன்னுட்டு வராம இருக்கற ஆள் மாதிரியும் தெரியல."

படி திரும்பும் இடத்தில் எதிரே நாலைந்து பேர் ஏறி வந்தார்கள். ஒதுங்கியதில் மகன் அவருடைய இடப்பக்கம் வந்துவிட்டான்.

"அவங்க இல்லைங்க" என்றான்.

"என்ன?"

"அவங்க இப்ப இல்ல."

"லீவா?"

இந்த மூன்று வாரத்தில் அந்த வார்த்தையை அவன் வாயால் சொன்னதில்லை. போனில் உறவுக்காரர்களுக்குச் சொன்னது கீழ்வீட்டு அக்கா. அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பினான். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"செத்துப்போயிட்டாங்க. எங்கம்மா."

மாடிப்படி முழுக்க அது கேட்டது. ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நின்றார். அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு அவனைச் சுற்றி வந்து, தன் வலக்காது அவன் பக்கம் இருக்கும்படி மறுபக்கம் நின்றுகொண்டார். இருவரும் அப்படியே மிச்சப் படிகளை இறங்கினார்கள்.

கீழே காது மூக்கு தொண்டைப் பிரிவின் ஜன்னலில் பதினோரு பேர். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. வரிசை நகர்ந்தது. ஜன்னலுக்குள் இருந்த பெண் சீட்டை வாங்கி, முத்திரை குத்தி, நோட்டில் எழுதினாள். அடியில் இருந்த வரியைப் படித்துவிட்டு, எழுந்து ஜன்னலின் மறுகோடிக்கு வந்து, "அய்யா, பதினஞ்சு நிமிஷம் உக்காருங்க, கூப்பிடுவோம்" என்றாள். அவர் தலையாட்டினார்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் பாக்கி தம்பி. எழுதினத மேல அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டறேன்னு சொல்லியிருந்தாங்க. வரிக்கு வரி. இது நான் இல்லன்னா இல்லன்னு சொல்லலாம்னாங்க." மை படிந்த விரல்களைக் கோத்துக்கொண்டார். "அன்னிக்கு அதுக்குத்தான் வந்து உக்காந்திருந்தேன்."